அருளப்பன் புள்ளி பி

கல்லூரி எனக்கு ஒதுக்கிய மின்னஞ்சல் முகவரி:
அருளப்பன் புள்ளி பி.
அருளப்பன் என் அப்பா.
முப்பத்தாறு வருஷம்
என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றவர்,
பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் ஏறி
இன்று முழுசாக உட்கார்ந்துவிட்டார்.
பிரகாசியாகிய நான்
ஒரு புள்ளிக்குப் பின்னால் இனிஷியலாக நிற்கிறேன்.
இருக்கட்டும். அவரும் பத்தாவது முடிக்கவில்லை,
சேர்ந்தே படிப்போம்.

ரூவியில் வெள்ளிக்கிழமை மத்தியானம்.
தொழுகை முடிந்து செருப்புத் தேடும் சத்தம்
மூன்றாம் மாடிவரை வருகிறது.
நாற்பது ரியாலுக்கு வாங்கிய பழைய லேப்டாப்.
விசைக்கு இரண்டு எழுத்து:
இடப்பக்கம் எனக்குத் தெரிந்தது,
வலப்பக்கம்
பதினொரு வருஷமாகக் கடைப்பலகைகளில் பார்த்தும்
படிக்காதது.

கடவுச்சொல் வை என்றது திரை.
பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல்.
கல்யாணத் தேதியை நீட்டி எழுதினேன்.
கோடு சிவந்தது: பலவீனம்.
எட்வின் பெயர், அவன் பிறந்த வருஷம்:
பலவீனம்.
ஏ.டி.எம்.முக்கும் வைஃபைக்கும்
என் பழைய போனுக்கும் கஸ்பார் வைத்த அதே எண்கள்:
மிகவும் பலவீனம்.
அந்த ‘மிகவும்’ எனக்குப் பிடித்திருந்தது.

உறவில்லாத சொற்களைச் சேர் என்று
ஓரத்தில் ஒரு யோசனை.
நான்கு சொற்கள் எடுத்தேன்.
ஹம்ரியா பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நான்கு பேர் மாதிரி,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவை.
ஒன்றில் ழகரம் உண்டு, இசட் எச் போட்டு.
திருடன் நாக்கும் கொஞ்சம் உருளட்டும்.
மற்றதைச் சொல்ல மாட்டேன்.
இந்தக் கவிதையில் அது இல்லை.

இரண்டாம் முறை அடித்தபோது ‘பொருந்தவில்லை’.
மறுபடி அடித்தேன். பொருந்தவில்லை.
கண் படத்தைத் தட்டிப் பார்த்தால்
விரல் எங்கேயோ பட்டு மொழி மாறியிருக்கிறது.
என் ரகசியம் அரபியில்,
வலமிருந்து இடமாக நடந்துபோகிறது.
எனக்கே தெரியாமல் என்னை ஒளித்துவைக்க
அவ்வளவு லேசாக முடிகிறது.
திருத்தினேன். கோடு பச்சையானது.

அதற்கப்புறம்தான் ஓ.டி.பி.
விண்ணப்பத்தில் தொடர்பு எண் என்ற இடத்தில்
கை தானாக அவர் எண்ணை எழுதியிருந்தது.
ஆஸ்பத்திரி, எட்வின் பள்ளிக்கூடம், வாடகை ஒப்பந்தம்
எல்லாவற்றுக்கும் அந்த எண்தான்.
அவரோ சோஹார் துறைமுகத்தில் கிரேன் உச்சியில்,
போன் கீழே லாக்கரில்.
பத்து நிமிஷம் மட்டும் செல்லும் எண்
மூன்று தடவை அங்கே இருட்டில் ஒளிர்ந்து செத்தது.

மூன்று மணிக்கு டீ இடைவேளையில் கூப்பிட்டார்.
“எவனோ ஏமாத்தப் பாக்கான் பிரகாசி.
மூணு தடவ நம்பர் வந்திருக்கு.
யாருக்கும் சொல்லாதன்னு போட்டிருக்கு,
நான் சொல்லல்ல.”
“நல்லதாப் போச்சு,” என்றேன்,
“அந்த எவன் நான்தான்.”

நாலாவது எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார்,
எடை பார்த்து இறக்கும் கன்டெய்னர் போல.
கதவு திறந்தது.
“சரி, பாஸ்வேர்டு என்ன வச்ச?”
“அதையும் யாருக்கும் சொல்லப்படாதாம்.”
“எனக்குமா?”
பின்னால் ஒரு சைரன். யாரோ வங்காளத்தில் கத்தினார்கள்.
பிறகு டீயை உறிஞ்சும் சத்தம்.
“நல்ல ஸ்ட்ராங்கா?”
“பச்ச.”
“அப்பம் சரி,” என்றார்.
சரியில்லாத ஒரு ‘சரி’யும் அவரிடம் உண்டு,
இது அதுவா என்று
வியாழக்கிழமை வரட்டும், முகத்தைப் பார்த்தால் தெரியும்.

மீட்பு எண்ணை மாற்றினேன்.
என் எண்ணே எனக்கு மனப்பாடமில்லை,
அதைக் கேட்க யாரும் இருந்ததில்லை.
போனை எடுத்துப் பார்த்து
ஒவ்வொரு இலக்கமாக அடித்தேன்.

முதல் கடிதம் வந்தது.
அன்புள்ள அருளப்பன்,
உங்கள் கடவுச்சொல் தொண்ணூறு நாளில் காலாவதியாகும்.

இந்த ஊரில் எதுதான் ஆகாது.
விசா, பத்தாக்கா, வாடகை, பால்.
காலண்டரில் தேதியைத் தேடி வட்டம் போட்டேன்.
எதற்கென்று எழுதவில்லை.