சுழி

கடவுச்சீட்டில் அவளுக்குப் பெயர் இல்லை.
தாய் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு,
நெற்றியில் ஒரு சுழி, கழுத்தில் இரண்டு என்று
மருத்துவர் கறுப்பு மையில் குறித்த படம் உண்டு.
இடுப்பில் ஒட்டிய தாளில்
முந்நூற்றுப் பதினேழு.

கில்டேரில் அக்டோபர்.
மழை என்று சொல்ல முடியாது;
காற்று தன் ஈரத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
ஆறு மணியிலிருந்து க்ளோடா அவளை நடத்துகிறாள்.
போ. திரும்பு. வா. நில்.
பட்டியலும் பென்சிலுமாக ஆட்கள் குந்தி உட்கார்ந்து
முன்னங்கால் முட்டியை முறைக்கிறார்கள்.
முப்பத்தாறு எக்ஸ்ரே. தொண்டைக்குள் ஒரு கேமரா.
மூச்சில் விசில் கலந்திருக்கிறதா என்று
ஒருவர் காதைக் கொடுத்துவிட்டுப் போனார்.
சுழியை யாரும் கேட்கவில்லை.

தாயை நான் வாங்கியது நாலாயிரத்துக்கு.
நொண்டி இல்லை, நோய் இல்லை, சும்மா ஓடாத குதிரை.
பதினோரு கறவை மாடுகளோடு ஒரே கொட்டகையில் நின்றது.
ஜூனில் அதன் மூத்த மகன்
ஒரு பெரிய பந்தயத்தில் கழுத்து நீளத்தில் ஜெயித்தான்.
அன்றிரவு என் தொலைபேசிக்குக் காய்ச்சல் கண்டது.

யானை விலை குதிரை விலை என்பார்கள்.
யானை விலை எனக்குத் தெரியாது.
போன வருஷக் குதிரை விலை தெரியும்:
இங்கே, இதே வளையத்தில்,
ப்ரென்ட்னல் தலையசைக்க, திருமதி தகிகுச்சி பேனாவைத் தூக்க,
அவர் தலையசைக்க, இவர் பேனாவைத் தூக்க,
ஒரு செம்பழுப்புக் குட்டி பதினேழு லட்சம் யூரோவுக்குப் போயிற்று.
அது இன்னும் ஓடவில்லை.
அந்த இருவரை நம்பித்தான்
பால் கறக்கும் இயந்திரத்தின் கடன் தாளை
சட்டைப் பையில் கொண்டு வந்திருந்தேன்.

வாசலில் இருவரும் ஒன்றாக நின்றார்கள்.
ஒரே பட்டியல், இரண்டு மூக்குக் கண்ணாடி.
இரண்டு பேர் சேர்ந்தால் விலை இரட்டிக்கும் என்று நினைப்பவன்
ஒருநாளும் எதையும் விற்றவனில்லை.

முதல் கை, பின்வரிசையிலிருந்து எழுந்தது.
பேருந்து ஓட்டுநர், இரண்டு நர்சுகள், கசாப்புக் கடை டெக்லன்
எல்லாருமாக இருபது பேர், ஆளுக்கு இரண்டாயிரம்.
வாலாவது கிடைக்கும் என்று வந்தவர்கள்.
நாற்பதாயிரம் என்று ஏலக்காரர் சொல்லி
வாயை மூடுவதற்குள் எண்பது.
அவர்கள் தங்களுக்குள் கைதட்டிக்கொண்டார்கள்,
எட்டு நொடி ஒரு குதிரை வைத்திருந்ததற்காக.

நூற்றைம்பது. இருநூறு.
பலகையில் யென் கணக்கில் சுழிகள் நீண்டன.
ஃபிரான்சிலிருந்து வந்த ஒரு முகவர் கொஞ்ச தூரம் துரத்தினார்,
பிறகு தன் காலணியைப் பார்க்கத் தொடங்கினார்.
இருநூற்றுத் தொண்ணூறு.
அடுத்த எண்ணுக்காகக் கூடமே காத்திருந்தது.
அதைச் சொல்ல வேண்டியவர்
எதிரி தோளில் கை வைத்து நின்றார்.
சுத்தியல்.

குறையா? இல்லை. என் வாழ்நாளில் பார்க்காத பணம்.
ஆனாலும் நான் மனத்தில் செலவழித்துவிட்டது
அதைவிடக் கூடுதல்.

ப்ரென்ட்னல் கை கொடுத்தார், கதகதப்பான கை.
"கால் பங்கு உம்மிடமே இருக்கட்டுமே.
வளர்த்தவர் கூட இருந்தால் ராசி."
கால் பங்கு என்றால் வைக்கோலில் கால்,
லாடத்தில் கால், பயிற்சியாளர் பில்லில் கால்,
ஜெயித்தால் கோப்பையில் ஒரு கைப்பிடி.
சரி என்றேன்.
ஒர்லாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பின்கட்டில் க்ளோடா கட்டை விரலால்
நெற்றிச் சுழியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
குட்டி கண்ணை மூடிக் கீழுதட்டைத் தொங்கவிட்டிருந்தது.
அவளுக்கு நாள் கூலி நூற்றிருபது, மதியம் ஒரு சாண்ட்விச்.
"இங்கேதான் அவளுக்கு அரிக்கும்," என்றாள்,
வண்டிக்காரரிடம், குறித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல.
அவர் குறித்துக்கொள்ளவில்லை.

எங்கள் பழைய கழுத்துவாரைக் கழற்றி
புதியதை மாட்டினார்கள்.
சாய்பலகையில் அவள் ஏறினாள்.
தட், தட், தட், தட்.
அந்த நாலில் என் கால் எது என்று
காது கொடுத்து நின்றேன்.