வியாழன் வகுப்பு

வால்டிவியாவில் மழை விடவில்லை.
விறகடுப்பைச் சுற்றி ஏழு பேர்.
கோப்பில் எல்லோருக்கும் ஒரு நோயின் பெயர்.

இருபத்திரண்டு வருடமாகத்
தூக்கம் எப்படி, பசி எப்படி, குரல்கள் எப்படி
என்றுதான் கேட்டார்கள்.
செவிலி யஸ்னா மட்டும்
ஆணுறைப் பொட்டலத்தைக் கிழித்து மேசைமேல் வைத்துவிட்டு
"யாருக்காவது ஆசை வருகிறதா?" என்றாள்,
சர்க்கரை போடட்டுமா என்பதுபோல.

நிபால்தோ கையைத் தூக்கினான்.
"மாத்திரை குரல்களை அணைத்தது.
போகிற போக்கில் இதையும் அணைத்துவிட்டது.
யாரும் சொல்லவே இல்லையே."

நான் சொன்னேன்:
விலக்கு நின்று ஒன்பது மாதம்,
கர்ப்பமில்லை, ஆனாலும் மார்பில் பால்.
உனக்கெதற்கு அதெல்லாம் என்றாள் அக்கா.
யஸ்னா எழுதிக்கொண்டாள்.
"நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சேர்ந்தே போவோம்."
என் தலைக்குள் இருப்பவள்கூட
வாயை மூடிக்கொண்டு பாடம் கேட்டாள்.

பிறகு "வேண்டாம்" சொல்லிப் பழகினோம்.
மூன்றாவது முறை எடுவினா அழுதாள்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.

படகுத்துறையில் கடல்சிங்கங்கள்
வெட்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
"கையைப் பிடிக்கலாமா?" என்றான் நிபால்தோ.
"வேண்டாம்."
சத்தமாகவே வந்துவிட்டது.
"சரி" என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.
குடை மட்டும்
என் பக்கம் சாய்ந்தே வந்தது.