வட்டத்தின் விளிம்பு

ஜின்ஜாவில் ஏப்ரல் மழை
மேலிருந்து மட்டும் பெய்வதில்லை.
லாரிச் சக்கரம் தெறிக்கும், குழி தெறிக்கும்,
பின்னால் அமர்ந்த பெண்ணின் குடைக்கம்பி
கிருண்டாவின் பிடரி வழியே
ஓர் ஓடையை இறக்கிவிடும்.
காலை ஆறுக்கு நனைந்த ஜீன்ஸ்
இரவு ஒன்பதுக்கும் ஈரம்.
நடுவில் ரெக்சின் இருக்கை, எஞ்சின் சூடு,
இருபத்தேழு சவாரி.

தொடையிடுக்கில் முதலில் ஒரு நாணயம்.
சிவப்பு என்று சொல்ல முடியாது,
கறுத்த தோலில் இன்னும் கறுத்த பழுப்பு.
பிறகு நாணயம் தட்டாயிற்று.

எப்போது வரவேண்டும் என்று
அரிப்புக்குத் தெரியும்:
பாதிரியார் பின்னால் ஏறியதும்,
ரவுண்டானாவில் போலீஸ் கை காட்டியதும்,
நப்விரே விளக்கை அணைத்ததும்.

அவன் வேறொன்றை நினைத்துக்கொண்டான்.
டிசம்பரில், புசியாவில், ஒரே ஓர் இரவு.
தனக்குத் தானே தீர்ப்பெழுதி
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்
இரண்டு மாதம்.

ஸ்டாண்டில் ஒரு ட்யூப் இருந்தது.
யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.
மகும்பா வேறெங்கோ பார்த்தபடி நீட்டுவான்:
"முழங்காலுக்கு நல்லது."
பூசிய மூன்றாம் நாள் அரிப்பு செத்தது.
மூன்றாம் வாரம் எழுந்து வந்தது
உறவுக்காரரையும் கூட்டிக்கொண்டு:
பிட்டம், இடுப்பு, பெல்ட் உரசும் கோடு.
தோல் வெங்காயச் சருகாய் மெலிந்துபோயிருந்தது.

வாலுகூபா கிளினிக்கில் அலுப்போ
திரையை இழுத்தாள், கையுறை போட்டாள்,
தக்காளி விலை கேட்பவள் குரலில்
"இறக்கு" என்றாள்.
கைவிளக்கு மெல்ல நகர்ந்தது.
"நடுவில் தெளிஞ்சிருக்கு. விளிம்புல மேடு, செதில்.
விதைப்பையைத் தொடலை,
காண்டிடான்னா விட்டுவச்சிருக்காது.
பூட்ஸைக் கழட்டு."
"பூட்ஸையா?"
சுண்டுவிரல் இடுக்கில் ஊறிய வெள்ளைத் தோல்.
"இங்கேருந்துதான் ஏறியிருக்கு.
ஜட்டியைக் காலில் நுழைக்கும்போதெல்லாம்
இலவச சவாரி கொடுத்திருக்கே."

விளிம்பைச் சுரண்டினாள். கண்ணாடித் தகட்டில்
செதில் மீது ஒரு சொட்டுக் காரம்.
"வா, நீயே பாரு."
செல்களின் ஓட்டுக்கூரைகளுக்கிடையே
கிளைவிட்ட நூல்கள்.

என் மொழியில் இதற்குப் படர்தாமரை என்று பெயர்.
சொறிந்து சொறிந்து ஓய்ந்த யாரோ
விளக்கடியில் குனிந்து பார்த்து
இதழ் விரிவதை ஒரு கணம் வியந்துவிட்டு
மறுபடி சொறிந்திருக்க வேண்டும்.
கிருண்டா குளம் எதையும் பார்க்கவில்லை.
நைல் கரையில்
சிக்கோடு உதறிப்போட்ட வலையைப் பார்த்தான்.

"பூஞ்சை" என்றாள்.
"அப்போ புசியா இல்லையா?"
வாய் தவறிவிட்டது.
அலுப்போ நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை.
"அது தனிப் பரிசோதனை. அடுத்த அறை.
வந்தது வந்தே, அதையும் பாத்துட்டுப் போ."

ஸ்டாண்டின் ட்யூபைக் குப்பையில் எறிந்தாள்.
"ஸ்டீராய்டு. திருடனைப் பிடிக்காது,
காவக்காரனைத் தூங்க வைக்கும்."
பரவிவிட்டதால் மாத்திரை, கூடவே வேறு களிம்பு.
வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் பூசு.
மறைந்த பிறகும் இரண்டு வாரம் நிறுத்தாதே.
காலுக்கு ஒரு துண்டு, இடுப்புக்கு வேறொன்று.
நன்றாகத் துடை. ஜீன்ஸை விடு.
முதலில் சாக்ஸ், அப்புறம்தான் ஜட்டி.
"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

அடுத்த அறையின் தாள் சட்டைப்பையில்
நாலாக மடிந்திருந்தது. ஒன்றுமில்லை என்ற தாள்.
அதைப் பற்றிச் சொல்லவில்லை.
பூஞ்சையைப் பற்றி மட்டும் சொன்னான்,
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நப்விரேயிடம்.
கத்தியைக் கீழே வைத்தாள்.
இடுப்புத் துணியைக் கொஞ்சம் தளர்த்தினாள்.
அவளிடமும் ஒரு தட்டு.
"நானும் பயந்துட்டேன்" என்றாள்.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

விடியலில்
உடம்பில் வேறொரு நூலுமின்றி
நீலச் சாக்ஸோடு மட்டும்
அறை நடுவே நிற்கிறான்,
ஒற்றைக் காலில், தள்ளாடி.
அவள் போர்வைக்குள் முகம் புதைத்துக்
குலுங்குகிறாள். முதலில் அழுகை என்றே நினைத்தான்.

வெளியே இடி.
இன்றைக்குக் கொடியில் எதுவும் காயாது.
எழுந்து போய்
இஸ்திரிப்பெட்டியில் கரியை இட்டு
ஊதத் தொடங்குகிறாள்.