கைதட்டிப் பார்த்தல்

வில்லாபுரம் மாடியறை, பத்துக்குப் பதினொன்று.
கை தட்டினால் போதும்,
எதிர்ச்சுவர் எகிறிக்கொண்டு வரும்
டர்ர்ரென்று, தகரம் உதறினாற்போல.
இதில் எங்கே வயலினைப் பதிவது?

தெற்குவாசலில் ரீப்பர் கட்டை எடுத்தோம்.
ஒச்சப்பன் சட்டம் அடித்தார்.
நான் ராக்வூலை வெட்டினேன்,
முழங்கை வரை அரிப்பு,
குளித்தும் போகவில்லை.
மேலே போர்த்தச் சுங்குடி.
வாயை வைத்து ஊதி
காற்று அந்தப் பக்கம் வந்த துணியாகப் பார்த்து
பதினாறு மீட்டர்.

"மெத்தையப் போயி சுவத்துல மாட்டுறீங்களேம்மா"
என்று மட்டும் சொன்னார்.
நாலு மூலையிலும் தடிமனாக நிறுத்தியதும்
பேஸ் உருண்டுபோய்
அங்கேயே படுத்துக்கொண்டது.

பதினாலாவது பலகை.
ட்ரில்லை அணைத்தார்.
தட்டினேன்.
கையோடு முடிந்தது சத்தம்.

அப்போதுதான் கேட்டது
மெல்லிசாக ஒரு விசில்.
வயர் கோளாறோ என்று ஸ்பீக்கரைத் தொட்டேன்,
ஃபேனை நிறுத்தினேன்,
நிற்கவில்லை.
அவர் கையை நெஞ்சில் வைத்திருந்தார்.
"இத்தன வருசம் ரம்பச் சத்தத்துல
தெரியாமப் போச்சு."

கூலியை எண்ணாமல் சொருகிக்கொண்டு இறங்கினார்.
மூன்றாவது படி வரை அந்த விசில்.
அதற்குப் பிறகு
வில்லாபுரம்.