ஏழாவது ஆட்டம்

பழையவனைத் துரத்தியது டிசம்பரில்.
அவன் கத்தினால் துறைமுகத்துப் படகெல்லாம் ஆடும்.
நாலுக்கு மூன்று என்று தோற்போம்,
ஆனாலும் தட்டித் தட்டிக் கை சிவந்து
வடகடல் குளிர் மறந்து வீடு திரும்புவோம்.

இந்த நார்வேக்காரன் கத்துவதில்லை.
கோட்டுப் பையில் இரு கையும் விட்டு
மழையை மேற்பார்வை பார்ப்பவன்போல் நிற்கிறான்.
ஆறு ஆட்டம். ஒன்று ஜெயித்தோம்.
மீதி ஐந்திலும் கோலே இல்லை,
எங்களுக்கும் இல்லை, எதிரிக்கும் இல்லை.

டூகலுக்கு அந்த ஒரு வெற்றி
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இஷ்பெல் மீன் ஏலத்தில்
முப்பது வருஷம் எடை எழுதியவள்.
சீட்டின் பின்பக்கம் பென்சிலால் கோடு கிழிக்கிறாள்:
"கார்னரில் மட்டும் ஒன்பது வாங்கியிருந்தோம்.
இவன் வந்து ஒன்றுகூட இல்லை.
பார்க்கத் தெரிந்தால் பார்."

எனக்குத் தெரியவில்லை. கொட்டாவிதான் வந்தது.

இன்று எண்பத்தெட்டாம் நிமிடம்.
மூன்று வருஷமாக நாங்கள் திட்டியே வளர்த்த
இடதுபுறத் தடுப்பாட்டக்காரன் லாக்லன்
யார் சொல்லியோ மேலேறி ஓடி
கம்பத்தில் அடித்தான்.
அந்த ஓசை இன்னும் பல்லில் இருக்கிறது.

மறுபடி பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
ஆனால் நார்வேக்காரன்
ஒரு கையை வெளியே எடுத்தான்,
ஒரே கை,
மழை விட்டதா என்று பார்ப்பதுபோல் விரித்து
மறுபடி உள்ளே வைத்துக்கொண்டான்.

"அது என்ன, பாராட்டா?" என்றான் டூகல்.
இஷ்பெல் அதற்கும் ஒரு கோடு கிழித்தாள்.

பேருந்திலிருந்து மைத்துனனுக்கு எழுதினேன்:
சனிக்கிழமை என் சீட்டு உனக்கில்லை.
காய்ச்சல் சரியாகிவிட்டது.