மூன்று மணி

சான் போனிஃபாஸில் ஆற்றைப் பார்த்த கன்னியர் மடம்.
மஞ்சள் செங்கல், தகரக் கூரை,
சன்னல்கள் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு.
பள்ளிக்கூடம் மூடி நாற்பது வருடம்; இப்போது வாடகை வீடுகள்.
தீ எச்சரிக்கை மணி மாட்ட வந்தவன் நான்.

வாசல் நிலையில் ஒரு பித்தளைப் பொத்தான்.
அதிலிருந்து பருத்தி நூல் சுற்றிய கம்பி
சாந்துக்குள் நுழைந்து, சிற்றாலயத்தைச் சுற்றிக்கொண்டு
மூன்றாம் மாடி வகுப்பறைக்கு ஏறுகிறது.
கட்டட வரைபடத்தில் அது இல்லை.

அந்த அறையில்தான் இப்போது லுடிவீன் கபூரி குடியிருக்கிறாள்.
நாளிதழிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள்:
“ஒன்று அடித்தால் பெற்றோர். இரண்டு, பாதிரியார்.
மூன்று என்றால் பள்ளி இன்ஸ்பெக்டர்.
பிரெஞ்சுப் புத்தகம் பாவாடைக்கடியில் போகும்,
இங்கிலீஷ் மேசைக்கு வரும்.
அன்றைய சட்டம் அப்படி.
படி எழுபத்திரண்டு, மனுஷன் நல்ல பருமன்.
எங்களுக்கு நேரம் இருந்தது.”

படிகள் ஏன் இத்தனை செங்குத்து?
அதற்கும் வரைபடத்தில் குறிப்பில்லை.

மீட்டர் வைத்தேன். உயிரில்லை.
கத்தரிக்கும் முன், சும்மா,
என் பேட்டரியைக் கம்பியில் தொட்டுப் பார்த்தேன்.
உத்தரத்துக்குள் எங்கோ துருவின் கரகரப்பு.
ஒன்று.
இரண்டு.

மூன்றாவதற்குள்
அவள் மடியிலிருந்த நாளிதழ்
பாவாடைக்கடியில் போயிருந்தது.