முப்பத்தெட்டு

எம்.சி. ரோட்டில் பதினோரு வருஷம்.
வாசலில் நுழையும் பெண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
உள்பாவாடை எந்த அளவு,
ரவிக்கைத் துணி எண்பது சென்டியா, முழு மீட்டரா.
டேப்பைத் தொட்டதில்லை.

ஸ்டான்லிக்கு எதிரே மருந்துக்கடைப் பையன்
"இடுப்பளவு எவ்ளோக்கா?" என்றதும்
முப்பத்திரண்டு என்றேன்.
"இடுப்பு இல்லக்கா, அதுக்கும் கீழ."
டேப்பை என் கையில் கொடுத்துவிட்டுத்
திரும்பி நின்றுகொண்டான், நல்ல பிள்ளை.
முப்பத்தெட்டு.
என்னைவிட ஆறு அங்குலம் அகலமான ஒருத்தி
இத்தனை நாளாய் எனக்குக் கீழே நின்றிருக்கிறாள்.
ஆயிரத்து நூற்றைம்பது.
ஆயிரத்துக்குக் கேட்டுப் பார்த்தேன்.
"ஃபிக்ஸட் ரேட்டுக்கா" என்றான்,
நான் நாளெல்லாம் சொல்கிற அதே குரலில்.

வலிக்கு ஒரு ரூபாய்க் காசளவு இடம்.
எங்கே என்று டாக்டர் கேட்டபோது
ஒற்றை விரலை வைத்துக் காட்டினேன்.
முதுகெலும்பு இடுப்பில் வந்து உட்காரும் மூட்டாம்,
எஸ்.ஐ. ஜாயிண்ட்டாம்,
அரிசியளவுகூட அசையாதாம்.
அசையாததற்கா இத்தனை வலி என்றேன்.
"அசையாம இருக்க வேண்டியது அசைஞ்சா?"
என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஷேர் ஆட்டோவில்
ஒரு கால் உள்ளே ஏறி
ஒரு கால் இன்னும் தங்கசாலைத் தெருவிலேயே நிற்கும்
அந்த ஒரு நொடி இருக்கிறதே.
அதைப் பற்றி எழுத என்னிடம் வார்த்தை இல்லை.

முதல் வாரம் தப்பாகக் கட்டினேன்,
வயிற்றின் மேல், ஒட்டியாணம்போல.
தின்றதெல்லாம் தொண்டைக்கு வந்தது.
அப்புறம் பழகியது:
நின்றபடி, மூச்சை விட்டு,
தொடை தொடங்கும் எலும்புக்கு மேலாக
இரண்டு கையாலும் ஒரே இழுப்பு.
அதற்குமேல் யூனிஃபார்ம் சேலை.
வலி போயிற்று என்று சொல்லமாட்டேன்.
பின்னாலிருந்து இரண்டு உள்ளங்கை
"இரு, இரு" என்று பிடித்துக்கொள்கிறது.
பஸ்ஸில் பிடிக்கிற கைபோல அல்ல.

உட்காரலாம் என்று சட்டம் வந்தது.
மாடிக்கு இரண்டு ஸ்டூலும் வந்தன.
ஒன்றில் பூனம் சேலை உட்கார்ந்திருக்கிறது,
இன்னொன்றில் சூப்பர்வைசரின் சாப்பாட்டுப் பை.

நாலாம் மாடி டாய்லெட்டுக்கு ஏழு நிமிஷம் கணக்கு.
பெல்ட்டைப் பிரித்தால் பர்ர்ரென்று ஊரைக் கூட்டும்.
அதனால் இருமிக்கொண்டே பிரிப்பேன்.
ஆடித் தள்ளுபடி மூன்றாம் நாள்
நான் இன்னும் இருமவே இல்லை,
அடுத்த தடுப்பில் யாரோ இருமினார்கள்.
இருமலுக்கு அடியில்
பர்ர்ர்.

வெளியே பட்டு செக்‌ஷன் ஜெசிந்தா
கை கழுவிக்கொண்டிருந்தாள்.
குழாயை மூடாமல், கண்ணாடியைப் பார்த்தபடி,
"உனுக்கு எந்தப் பக்கம்?"
"வலது."
"எனுக்கு ரெண்டும்."
அவ்வளவுதான் பேசினோம்.
மூன்று மணிக்கு அவள் எங்கள் பக்கம் வந்து
பூனம் சேலை அத்தனையும் கவுன்டர்மேல் அள்ளிப் போட்டு
ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
சூப்பர்வைசர் பார்த்தார்.
அவளும் பார்த்தாள்.
பிறகு எழுந்து, "இப்ப நீ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டைத் துவைத்தேன்.
ஒட்டுப்பட்டையின் குட்டிக் கொக்கிகளில்
ஒரு வாரத்துக் கடை முழுக்கச் சிக்கியிருந்தது:
மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து,
யார் சேலையிலிருந்தோ ஒரு இழை பொய்ச்சரிகை.
எடுக்காவிட்டால் ஒட்டாது.
ஊசியை வைத்து ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருக்கையில்
தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன்.
கை தானாகக் குடத்துக்குப் போனது.

மூன்று மாடி. எட்டுக் குடம்.

"தணிகாசலம்," என்றேன்,
கல்யாணமாகி முதல்முறை பெயர் சொல்லி.
செல்போனிலிருந்து நிமிர்ந்தவர்
என்னையும் கொடியில் சொட்டும் பெல்ட்டையும் பார்த்துவிட்டு
லுங்கியை மடித்துக் கட்டினார்.